772-வது ரேங்க்ல இருக்கிற டென்னிஸ் ப்ளேயர் எப்படித்தான் பொழப்ப ஓட்டுறார்?

பிரிட்டிஷ் டென்னிஸ்னு சொன்னா நமக்கு டக்குனு வர்ற பேரு ஆண்டி மர்ரே, அப்புறம் எம்மா ராடுகானு, இப்போ ஜாக் ட்ரேப்பர். கொஞ்சம் தொடர்ந்து பாக்கிறவங்கன்னா கேமரன் நோரியும் சேத்துப்பாங்க. அதுக்குக் கீழ? கீழ ஒரு பெரிய கூட்டமே இருக்கு. அவங்களும் ப்ரொஃபஷனல்தான், அவங்களுக்கும் ஏடிபி (ஆண்கள் டென்னிஸ் டூரை நடத்துற அமைப்பு) ரேங்க் இருக்கு, வாரா வாரம் எங்கயாவது ஒரு ஊர்ல மேட்ச் ஆடிட்டுதான் இருக்காங்க, ஆனா நாம டிவில பாக்கவே மாட்டோம். இவங்க எங்க ஆடுறாங்க, என்ன சம்பாதிக்கிறாங்க, ஏன் மேல வர முடியல, எப்பவாவது ஒருத்தர் திடீர்னு விம்பிள்டன் சென்டர் கோர்ட்ல எப்படி வந்து நிக்கிறார், இதெல்லாம் டென்னிஸ் பத்தி ஒண்ணும் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லலாம்னுதான் இது.

உதாரணத்துக்கு மார்கஸ் வில்லிஸை எடுத்துக்கலாம். 1990-ல பொறந்தவர், இங்கிலாந்துல ஸ்லவ் ஊர்க்காரர், இடது கை ஆட்டக்காரர். 2016 விம்பிள்டன் அப்போ அவரோட ரேங்க் 772. பலருக்கு ஞாபகம் இருக்கும், ஃபெடரரோட ஆடினாரே அந்த ஆள். அந்தக் கதையை ஏதோ தேவதைக் கதை மாதிரியே எல்லாரும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதுக்குள்ள இருக்கிற கணக்கு வழக்குதான் எனக்கு அதைவிட சுவாரஸ்யமா படுது.

முதல்ல ரேங்க்னா என்னன்னு பாத்துருவோம். ஏடிபி ரேங்க் 1973-ல ஆரம்பிச்சது. ஒரு ப்ளேயர் கடைசி 52 வாரத்துல ஆடின டோர்னமெண்ட்ல எடுத்த பாயிண்ட்ல நல்ல ரிசல்ட்டா பாத்து கூட்டுறாங்க, அவ்வளவுதான். இந்த வருஷம் ஜூன்ல எடுத்த பாயிண்ட் அடுத்த வருஷம் ஜூன்ல தானா கழண்டுரும். அதே வாரத்துல திரும்ப அதே அளவு எடுத்தாதான் இருந்த எடத்துலயே இருக்கலாம், இல்லன்னா கீழதான். அதனால ரேங்க்கைப் பாத்து ஒருத்தரோட திறமைய எடை போடாதீங்கன்னு நான் எப்பவும் சொல்லுவேன். அது மளிகைக் கடை வரவு செலவு நோட்டு மாதிரி, ஒரு வருஷத்துல என்ன வந்துச்சுன்னு மட்டும்தான் அதுல இருக்கும், கடைக்காரர் கெட்டிக்காரரா இல்லையான்னு இருக்காது. காயம் பட்டு ஆறு மாசம் உக்காந்தவர், கையில காசு இல்லாம ஊரை விட்டுப் போக முடியாதவர், எல்லாரும் அந்த லிஸ்ட்ல ஒரே மாதிரிதான் தெரிவாங்க.

சரி, பாயிண்ட் எங்க கிடைக்கும்? கிராண்ட் ஸ்லாம், அதாவது விம்பிள்டன் மாதிரி நாலு பெரிய டோர்னமெண்ட்ல ஒண்ணு, ஜெயிச்சா 2000. அதுக்குக் கீழ மாஸ்டர்ஸ், ஜெயிச்சா 1000. அப்புறம் 500, 250 டோர்னமெண்ட்கள். அதுக்கும் கீழ சேலஞ்சர், அதுல ஜெயிச்சா 50-ல இருந்து 175 வரைக்கும், டோர்னமெண்ட்டோட அளவைப் பொறுத்து. எல்லாத்துக்கும் அடியில ஐடிஎஃப்ங்கற சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்துற உலக டென்னிஸ் டூர், எம்25, எம்15னு ரெண்டு படி. முன்ன இதுக்கு ஃப்யூச்சர்ஸ்னு பேரு, இன்னமும் ப்ளேயருங்க பேச்சுல ஃப்யூச்சர்ஸ்னுதான் வரும். எம்15 ஜெயிச்சா 15 பாயிண்ட். முதல் ரவுண்டுல தோத்தா சைபர்.

இதை ஒரு தடவை கணக்கு போட்டுப் பாருங்க. ஒருத்தர் வருஷத்துல 52 வாரமும் எம்15 ஆடி 52-ம் ஜெயிச்சாருன்னே வைங்க, நடக்காத காரியம், ஆனா வைங்க, 780 பாயிண்ட். ஒரே ஒரு கிராண்ட் ஸ்லாம்ல செமி ஃபைனல் வரைக்கும் போறவருக்கு 800. அதுவும் 52 ரிசல்ட்டையும் கூட்ட மாட்டாங்க, நல்ல ரிசல்ட்டா ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைதான் எடுத்துப்பாங்க, அப்போ அந்த 780-ம் கிடையாது. கீழ் படியில எவ்வளவுதான் ஜெயிச்சாலும் அங்கயே குடியிருந்தா மேல வர முடியாது. சேலஞ்சருக்குள்ள நுழையணும், சேலஞ்சருக்குள்ள நுழைய ரேங்க் வேணும், ரேங்க்குக்குப் பாயிண்ட் வேணும். சுத்தி சுத்தி அதே எடம்.

காசு கதை இதைவிட மோசம். எம்15-ல அந்த 15ங்கறது மொத்த பரிசுப் பணம் பதினஞ்சாயிரம் டாலர்ங்கறதைக் குறிக்குது, ஜெயிக்கிறவருக்கு மட்டும் இல்ல, சிங்கிள்ஸ் டபுள்ஸ் எல்லாருக்கும் சேத்து பிரிக்கிறது. சாம்பியனுக்கு 2160 டாலர்னு வச்சிருந்தாங்க, முதல் ரவுண்டுல தோக்கிறவருக்கு 156. நம்ம காசுக்கு ஏறக்குறைய 13 ஆயிரம் ரூபா. அதுல வரி புடிப்பாங்க, ஃப்ளைட் டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் அவர் கைக்காசு. ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடவே ஒவ்வொரு தடவையும் தனியா காசு. கோச் கூட்டிட்டுப் போகணும்னா அவரோட டிக்கெட், அவரோட ரூம், அவரோட சம்பளம். அதனால இந்த லெவல்ல பாதிப் பேர் தனியாதான் சுத்துறாங்க, பிராக்டிஸுக்கு அன்னிக்கு யார் சும்மா இருக்காங்களோ அவங்களைக் கேட்டு ஆடுவாங்க, சில சமயம் மறுநாள் எதிர்ல நிக்கப் போறவரே கூட.

ஐடிஎஃப் 2013-ம் வருஷக் கணக்கை எடுத்து ஒரு ஆய்வு பண்ணுச்சு. ஆம்பளைங்கள்ல ஒரு வருஷம் டூர்ல சுத்த சராசரி செலவு கிட்டத்தட்ட 38,800 டாலர், இதுல கோச் செலவு சேரல. வரவும் செலவும் சமமாகிற எடம் ஆண்கள்ல 336-வது ரேங்க், பெண்கள்ல 253. அதுக்குக் கீழ இருக்கிற ஒவ்வொருத்தரும் ப்ரைஸ் மணிய மட்டும் நம்பினா நஷ்டத்துலதான் தொழில் பண்றாங்க. அந்த வருஷம் ஆடினவங்கள்ல பாதிக்குக் கொஞ்சம் கம்மியானவங்க ஒத்தப் பைசா ப்ரைஸ் மணி எடுக்கல. உலகத்துல 336-வது பெஸ்ட்டா இருந்தாதான் கையக் கடிக்காம இருக்கும்னா இது என்ன தொழில்னு எனக்கு இன்னமும் புரியல. வேற எந்த வேலைல உலக அளவுல 400-வது ஆளா இருந்தாலும் வீடு கட்டி செட்டில் ஆகியிருப்பான்.

அப்போ இவங்க எங்க போய் ஆடுறாங்க? பிரிட்டன்லயே வருஷத்துல சில வாரம் ஐடிஎஃப் டோர்னமெண்ட் நடக்கும், நாட்டிங்ஹாம், லஃப்பரோ, கிளாஸ்கோ மாதிரி ஊர்கள்ல, குளிர்காலம்னா உள்ளரங்கத்துல. அது பத்தாது. அதனால துருக்கியில அன்டால்யா, துனிசியாவுல மொனஸ்டீர், எகிப்துல ஷார்ம் எல் ஷேக். இந்த ஊர்கள்ல எல்லாம் கடலோர ரிசார்ட் ஹோட்டல்ல வாரா வாரம் எம்15 நடக்கும். ஒரே ஹோட்டல்ல தங்கி மூணு நாலு வாரம் தொடர்ந்து ஆடலாம், ஃப்ளைட் செலவு மிச்சம். கேக்க ஜாலியா இருக்கும், ஆனா கோர்ட்டைச் சுத்தி பாக்க ஆள் இருக்காது, சில கோர்ட்ல பந்து பொறுக்கவும் ஆள் இருக்காது, நம்ம அடிச்ச பந்தை நாமளே போய் எடுத்துட்டு வரணும்.

வில்லிஸ் 2016 ஜனவரியில துனிசியாவுலதான் ஆடினார். விம்பிள்டன் வரைக்கும் அந்த வருஷம் மொத்தமா அவர் ப்ரைஸ் மணியா எடுத்தது சில நூறு டாலர்தான். பொழப்புக்கு வார்விக் போட் க்ளப்ல கோச்சிங், மணிக்கு 30 பவுண்டு, சின்னப் பசங்களுக்கும் பெரியவங்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறது. 25 வயசுல அப்பா அம்மா வீட்டுல இருந்தார். இத்தனைக்கும் ஆள் ஒண்ணும் லேசுப்பட்டவர் இல்ல, 2014-ல 322-வது ரேங்க் வரைக்கும் போனவர், ஃப்யூச்சர்ஸ் பட்டம் பல ஜெயிச்சவர். 322ங்கறது மேல சொன்ன அந்த 336-க்கு எவ்வளவு பக்கத்துல இருக்கு பாருங்க. தண்ணிக்கு மேல தலைய நீட்டி ஒரு மூச்சு எடுத்திருக்கார், அவ்வளவுதான், திரும்ப உள்ள போயிட்டார். அந்த 2014-லயே அமெரிக்காவுல நாக்ஸ்வில் சேலஞ்சர்ல மேட்ச் நடுவுல பெஞ்ச்ல உக்காந்து ஸ்னிக்கர்ஸ் தின்னுட்டு கோக் குடிச்சதுக்காக அங்கிருந்த ரசிகர்கள்கிட்ட ஒரு தனி ரசிகர் மன்றமே உருவாச்சு, அது வேற கதை. ஃபிட்னஸ்ல அக்கறை பத்தாதுன்னு அவர் மேல ஒரு பேச்சு இருந்தது, அவரே பின்னாடி பேட்டிகள்ல ஒத்துக்கிட்டார்தான்.

2016-ல டென்னிஸை ஏறக்கட்டிட்டு அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியால ஒரு கோச்சிங் வேலைக்குப் போறதா முடிவு பண்ணிட்டார். அந்த நேரத்துல பழக்கமான காதலிதான், பல் டாக்டர் அவங்க, போகாத, இன்னும் கொஞ்சம் ஆடிப் பாருன்னு நிறுத்தினாங்க. சரின்னு நின்னார்.

இங்கதான் விம்பிள்டன்குள்ள எப்படி நுழையுறாங்கன்னு தெரிஞ்சிக்கணும். ஆண்கள் சிங்கிள்ஸ்ல 128 எடம். 104 பேர் ரேங்க் அடிப்படையில நேரா உள்ள. அதாவது உலக ரேங்க்ல முதல் நூறு, அதுக்கு மேல கொஞ்சம். 8 பேருக்கு வைல்டு கார்டு, அது ஆல் இங்கிலாந்து க்ளப் தன் விருப்பப்படி கொடுக்கிறது, பெரும்பாலும் உள்ளூர் பிரிட்டிஷ் ஆட்களுக்குப் போகும். மிச்சம் 16 எடம் க்வாலிஃபையிங் ஆடி வர்றவங்களுக்கு. க்வாலிஃபையிங் சென்டர் கோர்ட் பக்கம்கூட நடக்காது, ரோஹாம்ப்டன்ல ஒரு மைதானத்துல புல்லுல கோடு போட்டு 128 பேரை இறக்கி விடுவாங்க, தொடர்ந்து மூணு மேட்ச் ஜெயிச்சா உள்ள. அந்த க்வாலிஃபையிங்குக்கே நேரா வரணும்னா ரேங்க் ஏறக்குறைய 250-க்குள்ள இருக்கணும். 772-க்கு அங்க வேலையே இல்ல.

ஆனா பிரிட்டிஷ்காரங்களுக்கு மட்டும் இன்னொரு வாசல் அப்போ இருந்தது, ப்ரீ-க்வாலிஃபையிங். எல்டிஏங்கற பிரிட்டிஷ் டென்னிஸ் சங்கம் நடத்தும், உள்ளூர் ஆட்கள் மட்டும் மோதிக்குவாங்க, அதுல ஜெயிக்கிறவங்களுக்கு க்வாலிஃபையிங்ல ஆட ஒரு வைல்டு கார்டு. கவனிங்க, விம்பிள்டன்ல ஆட இல்ல, விம்பிள்டன்ல ஆடுறதுக்கான தேர்வுல கலந்துக்க அனுமதி. வில்லிஸ் அதுலயும் கடைசி ஆளா, வேற யாரோ வராததால எடம் கிடைச்சு உள்ள வந்தவர். மூணு மேட்ச் ஜெயிச்சார். அப்புறம் ரோஹாம்ப்டன்ல மூணு மேட்ச்.

அந்த மூணு மேட்ச்ல அவர் யாரை அடிச்சார்னு பாத்தா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும். முதல்ல ஜப்பான்காரர் யூயிச்சி சுகிதா. ரெண்டாவது 18 வயசுப் பையன் ஒருத்தன், ஆந்த்ரே ருப்லெவ். மூணாவது 20 வயசுப் பையன் ஒருத்தன், டேனில் மெத்வெதேவ். ஆமா, அதே ஆளுங்கதான். ருப்லெவ் பின்னாடி உலகத்துல முதல் அஞ்சுக்குள்ள வந்தார், மெத்வெதேவ் 2021 யுஎஸ் ஓபன் ஜெயிச்சு 2022-ல நம்பர் ஒன்னே ஆனார். அன்னிக்கு அந்தப் பசங்க புல் தரைக்குப் புதுசு, வில்லிஸோ இடது கையில ஸ்லைஸ் பண்ணி, ட்ராப் ஷாட் போட்டு, நெட்டுக்கு ஓடி வந்து, அந்தக் காலத்து புல் ஆட்டம் ஆடினார், பந்து எம்பவே எம்பாது. 772-க்கும் வருங்கால நம்பர் ஒன்னுக்கும் நடுவுல ஒரு குறிப்பிட்ட நாள்ல, ஒரு குறிப்பிட்ட தரையில, இடைவெளி நாம நினைக்கிற அளவு இல்ல. வருஷம் முழுக்க, எல்லாத் தரையிலயும், உடம்பு வலியோட, ஊர் ஊரா போய் அதையே செய்யணும்ங்கறப்பதான் இடைவெளி பெருசாகுது.

மெயின் ட்ரால, அதாவது அசல் விம்பிள்டன்ல, முதல் ரவுண்டு லித்துவேனியாவோட ரிச்சர்தாஸ் பெரான்கிஸ், ரேங்க் 54. வில்லிஸ் 6-3, 6-3, 6-4னு நேர் செட்ல முடிச்சிட்டார். ரெண்டாவது ரவுண்டு ஜூன் 29, சென்டர் கோர்ட், எதிர்ல ரோஜர் ஃபெடரர். முதல் செட் 6-0, ஒரு கேம்கூட கிடைக்கல. ரெண்டாவது செட்ல முதல் கேம் எடுத்ததும் மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்னு கத்துச்சு, ஏதோ பட்டமே வாங்கிட்ட மாதிரி. ஃபெடரர் தலைக்கு மேல ஒரு லாப் தூக்கிப் போட்டு பாயிண்ட் எடுத்தார், அதைத் தேடிப் பாருங்க, ஒரு தடவையாவது பாக்கணும். 6-0, 6-3, 6-4னு தோத்தார். கடைசி ரெண்டு செட் ஸ்கோரைப் பாருங்க, அது கேவலமான தோல்வியே இல்ல.

ரெண்டாவது ரவுண்டு வரைக்கும் வந்ததுக்கு 50,000 பவுண்டு. அப்போ ரேட்டுக்கு ஏறக்குறைய 45 லட்சம் ரூபா, அதுவும் அதுக்கு சில நாள் முன்னாடிதான் பிரெக்ஸிட் ஓட்டு நடந்து பவுண்டு சரிஞ்சிருந்தது. பாயிண்ட் 70 கிடைச்சது. மொனஸ்டீர்ல எத்தனை வாரம் வெயில்ல நின்னா 70 பாயிண்ட் வரும்னு யோசிச்சுக்கோங்க. ரேங்க் ஒரேயடியா முன்னூத்துச் சொச்சம் எடம் எகிறிச்சு.

பத்திரிகைக்காரங்க கதைய இத்தோட முடிச்சிட்டாங்க. கணக்கு முடியல. மேல சொன்னேன் இல்லையா, 52 வாரம். 2017 ஜூலை வந்தா அந்த 70 பாயிண்ட் கழண்டுரும். அதுக்குள்ள வேற எடத்துல பாயிண்ட் சேக்கணும், ஆனா அந்த 70-ம் சேந்துமே சேலஞ்சர்ல நேரா எடம் கிடைக்கிற அளவு ரேங்க் இல்ல, சேலஞ்சர் க்வாலிஃபையிங்தான். 2017 விம்பிள்டன்ல க்வாலிஃபையிங் கடைசி ரவுண்டு வரைக்கும் வந்து தோத்தார், ஒரு மேட்ச் தூரத்துல போச்சு. அந்த வருஷம் டபுள்ஸ்ல ஜே கிளார்க்னு இன்னொரு பிரிட்டிஷ் பையனோட சேந்து ரெண்டாவது ரவுண்டுல நடப்பு சாம்பியன்கள் எர்பேர், மாயூ ஜோடியவே அஞ்சு செட்ல சாய்ச்சார். நம்மாளு விம்பிள்டன்ல மட்டும் இப்படி ஆடுவார் போல. சிங்கிள்ஸ் ரேங்க் அப்படியே சரிஞ்சு போச்சு.

இப்போ பிரிட்டிஷ் ப்ளேயர்களோட நிலைமை மத்த நாட்டுக்காரங்களைவிட மேலா கீழான்னு ஒரு கேள்வி வரும். என்னைக் கேட்டா மேலதான், சந்தேகமே வேணாம். ஏன்னா விம்பிள்டன் அவங்க ஊர்ல நடக்குது. 2025-ல மெயின் ட்ரா முதல் ரவுண்டுல தோக்கிறவருக்கே 66,000 பவுண்டு. ஒரு வைல்டு கார்டு கிடைச்சு, ஒரு செட்கூட எடுக்காம தோத்தாலும், ரெண்டு வருஷத்துக்கு டூர் சுத்தக் காசு கையில. ஜூன் மாசம் முழுக்க நாட்டிங்ஹாம், க்வீன்ஸ், ஈஸ்ட்போர்ன்னு புல் தரை டோர்னமெண்ட் வரிசையா வரும், அங்கயும் வைல்டு கார்டு. விம்பிள்டன் லாபத்துல 90 சதவீதம் எல்டிஏவுக்குப் போகுது. நம்ம சுமித் நாகல் 2023-ல தன் பேங்க் கணக்குல 900 யூரோதான் இருக்குன்னு வெளிப்படையா சொன்னார், அப்போ அவர்தான் இந்தியாவோட நம்பர் ஒன் சிங்கிள்ஸ் ப்ளேயர், அவருக்குச் சொந்த ஊர்ல கிராண்ட் ஸ்லாம் கிடையாது.

அதனாலயே பிரிட்டன்ல வருஷா வருஷம் ஒரு சண்டை நடக்கும், வைல்டு கார்டு கொடுத்து சோம்பேறி ஆக்குறீங்க, ஜூன்ல வாங்கிட்டு மிச்ச பதினோரு மாசம் காலத்தை ஓட்டுறாங்கன்னு ஒரு கூட்டம், அது கொடுக்கலன்னா பாதிப் பேர் இருபத்து மூணு வயசுல ஆட்டத்தையே விட்டுருவாங்கன்னு இன்னொரு கூட்டம். நான் ரெண்டாவது கட்சி. ஆண்கள்ல முப்பதை நெருங்குற வயசுல மேல வர்றவங்க நெறைய இருக்காங்க, அது வரைக்கும் தாக்குப் பிடிக்க ஏதாவது ஒரு வழி வேணும்.

லியம் ப்ராடியப் பாருங்க. ஸ்டாக்போர்ட்காரர், 2011-ல ஜூனியர் விம்பிள்டன் ஃபைனல் ஆடினவர், எல்லாரும் பெருசா எதிர்பாத்தாங்க. முதல் நூறுக்குள்ள அவர் வந்தது 2023-ல, 29 வயசுல. நடுவுல 2022-ல விம்பிள்டன் மூணாவது ரவுண்டு வரைக்கும் போனார், ஆனா அந்த வருஷம் ரஷ்யா, பெலாரஸ் ப்ளேயர்களுக்கு விம்பிள்டன் தடை போட்டதால ஏடிபி பாயிண்டே கிடையாதுன்னு சொல்லிருச்சு. மூணாவது ரவுண்டு, பாயிண்ட் சைபர். நோவாக் ஜோகோவிச் பட்டத்துக்கே 2000 போச்சு, உண்மைதான், ஆனா ஜோகோவிச்சுக்கு அது ரேங்க் நம்பர் விஷயம், ப்ராடி மாதிரி ஆளுக்கு அடுத்த ஆறு மாசம் எந்த டோர்னமெண்ட்ல நேரா நுழையலாம்ங்கற விஷயம். அடுத்த வருஷம் அதே விம்பிள்டன்ல நாலாம் சீட் (டோர்னமெண்ட் தரவரிசைல நாலாவது) காஸ்பர் ரூடை அடிச்சார்.

பில்லி ஹாரிஸ் இன்னும் வேற ரகம். வீட்டுல பெரிய வசதி இல்ல, எல்டிஏவும் பெருசா கண்டுக்கல, ஃபோர்டு ட்ரான்ஸிட் வேன் ஒண்ணை எடுத்துக்கிட்டு மூணு வருஷம் ஐரோப்பா முழுக்க ஓட்டிட்டுப் போய் ஃப்யூச்சர்ஸ் ஆடினார். வேனுக்குள்ளயே படுக்கை, சமைக்க அடுப்பு, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுற மெஷினும் உள்ளயே. ஹோட்டல் காசு மிச்சம், ஃப்ளைட் காசு மிச்சம், ஸ்ட்ரிங் போடுற கூலியும் மிச்சம். மேல சொன்ன 38,800 டாலர் கணக்குல எதையெல்லாம் அடிச்சு எறிய முடியுமோ அத்தனையும் அடிச்சிட்டார் மனுஷன். 2024-ல, 29 வயசுல, க்வீன்ஸ்ல குவார்ட்டர் ஃபைனல் போனார். வில்லிஸ் கதைக்குக் கிடைச்ச விளம்பரத்துல கால்வாசி கூட இவருக்குக் கிடைக்கல, ஆனா எனக்கு இவர் கதைதான் பெருசு.

இன்னொரு பாதை அமெரிக்க காலேஜ். இது இப்போ பிரிட்டிஷ் பசங்க மத்தியில ரொம்ப ஓடுது. பதினெட்டு வயசுல மொனஸ்டீருக்கு டிக்கெட் போடுறதுக்குப் பதிலா ஸ்காலர்ஷிப்ல அங்க போயிட்டா கோச், கோர்ட், பிசியோ, சாப்பாடு, படிப்பு எல்லாம் காலேஜ் செலவு. கேமரன் நோரி டெக்ஸஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துல இருந்து வந்தவர்தான். அதே காலேஜ்ல படிச்ச ஸ்காட்லாந்துக்காரர் ஜேக்கப் ஃபேர்ன்லி 2024-ல படிப்பை முடிச்சிட்டு வந்தப்போ ரேங்க் 500-க்கு மேல, நாட்டிங்ஹாம் சேலஞ்சர் ஜெயிச்சார், விம்பிள்டன் வைல்டு கார்டு வாங்கினார், ரெண்டாவது ரவுண்டுல ஜோகோவிச்கிட்ட ஒரு செட் எடுத்து தோத்தார், அந்த வருஷம் முடியுறதுக்குள்ள முதல் நூறுல இருந்தார். இது ரொம்ப அபூர்வம், எல்லாருக்கும் நடக்காது, ஆனா பாதை இருக்கு.

இருட்டான பக்கத்தையும் சொல்லிடுறேன். 2018-ல டென்னிஸ் நேர்மை பத்தி ஒரு தனிக் குழு பெரிய அறிக்கை கொடுத்தது. ப்ரொஃபஷனல்னு சொல்லிக்கிறவங்க உலகத்துல சுமார் 15,000 பேர், அதுல முதல் 250-ல இருந்து 350 பேருக்குதான் கோச் செலவுக்கு முன்னாடியாவது கையக் கடிக்காம வருதுன்னு அதுல சொல்லியிருந்தாங்க. அதே சமயம் இந்த அடி லெவல் மேட்ச்களோட லைவ் ஸ்கோர் பெட்டிங் கம்பெனிகளுக்குப் போகுது, உலகம் முழுக்க சூதாடுறாங்க. முதல் ரவுண்டு தோத்தா 156 டாலர் வாங்குற ஆளுகிட்ட ஒருத்தன் வந்து ரெண்டாவது செட்டை மட்டும் விட்டுக்கொடு, சில ஆயிரம் தர்றேன்னு சொன்னா என்னாகும்? நெறைய பேர் மாட்டேன்னுதான் சொல்றாங்க, சிலர் சிக்கி தடை வாங்கிட்டுப் போறாங்க. போதாக்குறைக்கு தோத்தா போதும், பெட் கட்டி ஏமாந்தவன் எல்லாம் இன்ஸ்டாகிராம்ல வந்து அசிங்க அசிங்கமா திட்டுவான். 400-வது ரேங்க் ப்ளேயருக்கு ரசிகர் மெசேஜ் வராது, இது மட்டும் தவறாம வரும்.

மேல இருக்கிறவங்களும் கொஞ்சம் யோசிச்சிருக்காங்க. 2024-ல இருந்து ஏடிபி ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டம் கொண்டு வந்தது. ஆரம்பிச்சப்போ முதல் நூறுக்கு வருஷம் மூணு லட்சம் டாலர், 101-ல இருந்து 175 வரைக்கும் ஒன்றரை லட்சம், 176-ல இருந்து 250 வரைக்கும் 75 ஆயிரம், அதுக்குக் கம்மியா சம்பாதிச்சா மிச்சத்தை ஏடிபி போட்டுக் கொடுக்கும். நல்ல விஷயம்தான். ஆனா 251-க்கு? ஒண்ணும் இல்ல. வில்லிஸ் தன் வாழ்க்கையிலயே நல்லா இருந்த ரேங்க்ல இருந்திருந்தாலும் இந்தத் திட்டத்துல ஒரு டாலர் வந்திருக்காது.

2025-ல வில்லிஸ் கதை கிட்டத்தட்ட அப்படியே திரும்ப நடந்தது. ஆலிவர் டார்வெட், செயின்ட் ஆல்பன்ஸ் ஊர், 21 வயசு, ரேங்க் 733, அமெரிக்காவுல சான் டியேகோ பல்கலைக்கழகத்துல படிச்சிட்டிருந்த பையன். க்வாலிஃபையிங்ல மூணு மேட்ச், முதல் ரவுண்டுல லியாண்ட்ரோ ரீடிய 6-4, 6-4, 6-4, ரெண்டாவது ரவுண்டுல சென்டர் கோர்ட்ல கார்லோஸ் அல்காரஸ், 6-1, 6-4, 6-4 தோல்வி. ஸ்கோர்கூட ஃபெடரர் மேட்ச் மாதிரியே. பரிசு 99,000 பவுண்டு. ஆனா காலேஜ் விளையாட்டு விதிப்படி மாணவனா இருக்கிற வரைக்கும் வருஷத்துக்கு பத்தாயிரம் டாலரும் ஆகுற செலவும்தான் எடுத்துக்கலாம், மிச்சத்தைத் தொட முடியாது. தோத்தாலும் கோடி ரூபா கிடைக்கிற எடத்துல நின்னுக்கிட்டு எந்த செலவையெல்லாம் கணக்குல காட்டலாம்னு அந்தப் பையன் யோசிச்சிட்டிருந்தான், பேட்டிகள்ல சிரிச்சிக்கிட்டேதான் சொன்னான், எனக்குதான் வயிறு எரிஞ்சது.

வில்லிஸ் என்ன ஆனார்னு கேப்பீங்க. நடுவுல ஆட்டத்தை விட்டுட்டு கோச்சிங், குடும்பம்னு போயிட்டார், அப்புறம் 2022-ல திரும்ப வந்தார், டபுள்ஸ் மட்டும். டபுள்ஸ்ல பரிசு ரெண்டா பிரியும், சிங்கிள்ஸ் காசுல ஒரு பங்குதான், ஆனா ஓட வேண்டிய தூரம் பாதி, முப்பது வயசுக்கு மேலயும் தாங்கும், நல்ல சர்வும் கையில லாவகமும் இருந்தா பொழச்சிக்கலாம். அது ரெண்டும் அவர்கிட்ட எப்பவும் இருந்தது. டபுள்ஸ் ரேங்க்ல முதல் நூறுக்குள்ள வந்துட்டார், சிங்கிள்ஸ்ல ஒரு நாளும் கிட்ட போகாத எடம் அது.

அடுத்த ஜூன்ல நீங்களே இதைப் பாக்கணும்னா, விம்பிள்டன் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வாரம் ரோஹாம்ப்டன் க்வாலிஃபையிங் ஸ்கோரைத் திறங்க, பிரிட்டிஷ் கொடி போட்ட பேர்ல ரேங்க் ரொம்பக் கீழ இருக்கிற ஒருத்தரைப் பிடிச்சுக்கோங்க. தோத்துட்டார்னா விட்டுடாதீங்க, அவர் பேரை ஐடிஎஃப் சைட்ல போட்டா செப்டம்பர்ல எந்த ஊர் எம்25-ல இருக்கார்னு தெரியும், ஸ்கோர் பாயிண்ட் பாயிண்ட்டா லைவ்ல வரும், பல மேட்ச் இலவசமாவே பாக்கலாம்.